லோவல் பூட் பஞ்சாலை அருங்காட்சியகம்: தறிக்கூடத்தைக் கடைசியில் பாருங்கள்

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரில் உள்ள பூட் பஞ்சாலை அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் நேரே கீழ்த்தளத் தறிக்கூடத்துக்குள்தான் நுழைகிறார்கள். 88 விசைத்தறிகள் வரிசைகட்டி நிற்கையில் யாருக்குத்தான் கால் வேறு பக்கம் போகும்! ஓடுவது அவற்றில் சிலதான். அதற்கே காதடைப்பான் கொடுக்கிறார்கள், மறுக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

கூடம் 1920களின் அமைப்பில் இருக்கிறது. 1830களில் இங்கே உழைத்த பண்ணை வீட்டுப் பெண்கள் ஓட்டிய தறிகள் இவையல்ல. அன்றைய காற்றும் இங்கே இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் காய்ந்தால் அறுந்துவிடும் என்பதால் ஜன்னல்களை அடைத்து, உள்ளே ஈரம் ஏற்றி வைப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் பஞ்சுத் தூசி மிதக்கும். சத்தத்தைக் காட்டலாம், அதை எப்படிக் காட்டுவது?

தறியில் குறுக்கு நூலை இப்புறமும் அப்புறமும் கொண்டுபோகும் கருவிதான் நாடா. பழைய நாடாவின் சங்கதியையும் தெரிந்துகொண்டு போங்கள். அதற்குள் இருக்கும் நூல் சுற்றிய தாரை மாற்றும் ஒவ்வொரு முறையும் நாடாவின் துளையில் வாய் வைத்து நூல் நுனியை உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரே நாடா பல வாய்களுக்குப் போனதால் காசநோய் பரவும் என்ற பயம் இருந்தது. அந்த வகை நாடாவுக்கு மாசசூசெட்ஸ் 1911இல் தடை போட்டது.

தொழிலாளர் வரலாறு தேடி வருகிறவர்கள் முதலில் போக வேண்டியது பக்கத்திலேயே உள்ள விடுதிக் கட்டடத்துக்கு. ஆலையே நடத்திய தங்குமிடம் அது. ஒரு கட்டிலில் இருவர் படுத்தார்கள். 1830களில் வாரச் சம்பளம் சுமார் 3 டாலர், அதில் 1.25 டாலர் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் போய்விடும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் வேலைநிறுத்தங்கள் தானாகப் புரியும். 1834இல் லோவல் ஆலைகளில் சம்பளத்தைக் குறைத்தார்கள். சுமார் 800 பெண்கள் வெளியேறினார்கள். 1836இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றினார்கள். சம்பளத்தில் கை வைக்காத சம்பளக் குறைப்பு! இம்முறை வெளியேறியவர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1840களில் ஆலைத் தொழிலாளி சாரா பாக்லி முதலானோர் பத்து மணி நேர வேலை கேட்டு மனுக் கொடுத்தார்கள். அதற்கான மாநிலச் சட்டம் 1874இல்தான் வந்தது.

ஆலைக்கு வந்த பஞ்சு, தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகள் பறித்தது. இங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அவர்களுக்கே உடையாகத் திரும்பிப் போனது. கண்காட்சிகளைப் பார்க்கும்போது இந்த இழையை விட்டுவிடாதீர்கள்.

விடுதி, அருங்காட்சியகம் இரண்டையும் பார்க்க மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் திறப்பு நேரம் குறையும். தறி ஓடும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நின்ற தறியைப் பார்த்து நெசவு புரியாது.