த்ரெட்ரிப்பர் 3970எக்ஸ்: கோருக்காக வாங்கினேன், லேனுக்காக வைத்திருக்கிறேன்

2019 நவம்பரில் ஏஎம்டி இந்தப் பிராசசர் சிப்பை வெளியிட்டபோது விலை 1,999 டாலர். 32 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 64 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரங்கள்). அடுத்த ஆண்டு வாங்கினேன். பகலில் பெரிய சி++ புராஜெக்ட் பில்ட் (எழுதிய கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது), இரவில் பிளெண்டர் மென்பொருளில் 3டி ரெண்டர். இன்றும் அதே வேலைதான் செய்கிறது.

அசெம்பிள் செய்யும்போது பயமுறுத்தியது சாக்கெட் மட்டும்தான். 4,094 மெல்லிய ஊசிகள். ஒன்று வளைந்தாலும் போர்டுக்கே ஆபத்து. சிப் ஓர் ஆரஞ்சு சட்டத்தோடு வரும். அதை அப்படியே உள்ளே தள்ளி, கூடவே தரும் டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவரால் மூன்று ஸ்க்ரூவையும் 1, 2, 3 என எண் போட்டிருக்கும் வரிசையில் முறுக்க வேண்டும். போதுமான இறுக்கம் வந்ததும் அந்த டிரைவரே ‘டக்’ என்று சொல்லிவிடும். மற்றதெல்லாம் வழக்கமான பிசி வேலை.

ராம் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோரை எண்ணிப் பார்த்து வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். 64 த்ரெட்டிலும் ஒரே நேரத்தில் சி++ கம்பைல் ஓடினால், டெம்ப்ளேட் நிறைந்த கோப்பு ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு ஜிபி கேட்கும். 64 ஜிபி போட்டால் ராம் போதாமல், டிஸ்க்கை ராம் போலப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் போய் நிற்கும். அப்புறம் 32 கோர் இருந்தும் பயனில்லை. த்ரெட்டுக்கு 2 ஜிபி என்று வைத்து 128 போட்டேன். அதுவும் 32 ஜிபி ஸ்டிக் நான்காக. இந்தச் சிப்புக்கு நான்கு மெமரி சேனல். இரண்டு ஸ்டிக் மட்டும் போட்டால் பாதிப் பாதை அடைபட்ட மாதிரி. எட்டு ஸ்லாட்டையும் நிரப்பினால் ராம் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும்.

சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளின் மதிப்பெண்ணை வைத்து இந்த மாதிரி மெஷினை எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. அது எல்லா கோரையும் சமமாக நிரப்பும் சோதனை. நிஜ வேலை அப்படி இருக்காது. ஒரு வேலையில் 5 சதவீதம் பங்கு வரிசையாக மட்டுமே ஓடும் என்றால், ஆம்டால் விதிப்படி 32 கோரில் கிடைப்பது சுமார் 12.5 மடங்கு வேகம்தான். கோரை எவ்வளவு கூட்டினாலும் 20 மடங்கைத் தாண்டாது. என் பில்டில் அந்த வரிசைப் பங்கு, கம்பைல் ஆன துண்டுகளை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்க்கிங். கம்பைல் மளமளவென்று முடியும், கடைசியில் ஒரே ஒரு கோர் உழைக்க மற்ற 31-உம் வேடிக்கை பார்க்கும். பல த்ரெட்டில் ஓடும் ‘மோல்டு’ லிங்க்கருக்கு மாறியதில் அந்தக் காத்திருப்பு பெருமளவு போனது. காசு செலவில்லாத மேம்பாடு.

மின்சாரமும் சூடும்? சிப்புக்கு மட்டுமே 280 வாட். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறையில் இரவு முழுக்க ரெண்டர் விட்டால் நாம் வேறு அறையில் படுக்க வேண்டியதுதான். பயாஸில் வரம்பை 200 வாட்டுக்கு இறக்கிவிட்டேன். ரெண்டர் நேரம் கூடியது கொஞ்சம்தான், ஃபேன் சத்தம் நன்றாகக் குறைந்தது. யுபிஎஸ் வாங்கும்போது ப்யூர் சைன் வேவ்தானா (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை) என்று பாருங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் (பிசியின் பவர் சப்ளை) சில, மலிவு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும்.

இன்று 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ் இதன் வேகத்தைப் பல வேலைகளில் எட்டிப் பிடிக்கிறது, தனிக் கோர் வேகத்தில் எங்கேயோ போய்விட்டது. அதுவும் பாதிக் கோரில், குறைந்த மின்சாரத்தில். ஆனால் அதில் மெமரி சேனல் இரண்டுதான், பயன்படுத்தக் கிடைக்கும் பிசிஐஇ லேன் (கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றைச் சிப்போடு இணைக்கும் பாதை) 24. இதில் சிப்பிலேயே 64, சிப்செட் இணைப்புக்கு 8 போனாலும் 56 மிஞ்சும். இரண்டு கிராபிக்ஸ் கார்டு, நான்கு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு எல்லாம் ஒன்றின் வாய்ச்சோற்றை இன்னொன்று பிடுங்காமல் ஓடுகின்றன. விற்காமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

செகண்ட் ஹேண்டில் எடுக்க நினைப்பவர்கள் சிப்பைவிட போர்டைப் பாருங்கள். இந்தச் சிப்புக்கான போர்டுகளில் இருக்கும் டிஆர்எக்ஸ்40 சிப்செட் ஒரே தலைமுறையோடு நின்றுபோன தளம். 2023-இல் வந்த த்ரெட்ரிப்பர் 7000 வரிசைக்கு சாக்கெட்டும் வேறு, ராமும் டிடிஆர்5. இதில் மேலே போக 64 கோர் 3990எக்ஸ் ஒன்றுதான் வழி. போர்டு போனால் மாற்றுப் போர்டு தேடி அலைய வேண்டும். போர்டின் சிப்செட் மேல் ஒரு குட்டி ஃபேன் இருக்கும். வாங்கும் முன் அது சுற்றுகிறதா என்று பாருங்கள், காதை வைத்தும் கேளுங்கள்.