கராஜ் கதவுக்குக் குளிர்கால ஆயத்தம்: றப்பரா, அட்டையா, புதுக் கதவா?

போன ஜனவரியில் ஒரு காலை, கனடாவில் நாங்கள் இருக்கிற மார்க்கம் நகரில் மைனஸ் 18. முதல் நாள் மத்தியானம் கொஞ்சம் இளகியதில் டிரைவ்வேயில் கிடந்த ஸ்னோ தண்ணீராகி கராஜ் கதவுக்கு அடியில் போய் நின்றிருக்கிறது, இரவோடு இரவாக அது கல்லாகிவிட்டது. எனக்கு வேலைக்குப் போகிற அவசரம். பொத்தானை அமத்தினேன், மோட்டார் உறுமியது, கதவு அசையவில்லை. திரும்பவும் அமத்தினேன். துணி கிழிகிற சத்தத்தோடு கதவு மேலே போனது, அடி றப்பரில் பாதி தரையோடு ஒட்டியபடி அங்கேயே கிடந்தது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். மச்சான் சொன்னான், இன்சுலேஷன் அட்டை ஒட்டு, கராஜ் சூடாக இருந்தால் எதுவும் உறையாது என்று. பக்கத்து வீட்டு அண்ணை, இந்தத் தகரக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடு என்றார். எனக்கென்றால் கிழிந்த றப்பரை மாற்றினால் போதும் என்று பட்டது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் நான் கண்டது இது: முதலில் காற்றை அடையுங்கள், பிறகுதான் சூட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளியை விட்டுவிட்டு மேலே எத்தனை அட்டை ஒட்டினாலும் அது யன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஹீற்றரைக் கூட்டுகிற வேலைதான்.

சரி, றப்பர். கடையில் இரண்டு சாதி இருக்கும், வினைல் என்கிற பிளாஸ்டிக் ஒன்று, ஈபிடிஎம் என்கிற செயற்கை றப்பர் மற்றது. கையில் எடுத்துப் பார்த்தால் கடைச் சூட்டில் இரண்டும் ஒரே மாதிரித்தான் வளையும், வினைல் விலை குறைவு, ஆகவே கை அங்கேதான் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு துண்டை வெட்டி இரவு முழுக்க ஃபிரீசரில் போட்டுப் பாருங்கள். காலையில் வினைல் துண்டு பிளாஸ்டிக் தட்டு மாதிரி விறைத்து நிற்கும், ஈபிடிஎம் துண்டு அப்போதும் விரலுக்கு வளைந்து கொடுக்கும். மைனஸ் 40 வரைக்கும் அது இளக்கம் குறையாத சாமான். தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்த்து அழுந்தி உட்கார வேண்டிய பொருள் விறைத்துப்போனால் மூலையில் வெளிச்சம் தெரியும். வெளிச்சம் தெரிகிற இடத்தால் காற்று மட்டுமா வரும்? ஆறு, ஏழு மில்லிமீற்றர் இடைவெளி போதும், ஒரு சுண்டெலி உள்ளே வந்துவிடும். எங்கள் வீட்டில் அது நேரே போய் இறங்கியது 20 இறாத்தல் சம்பா மூட்டையில்.

மாற்றுகிற வேலை பெரிதில்லை. கதவின் அடியில் அலுமினியக் காடி இருக்கும், பழைய றப்பரை ஒரு பக்கத்தால் இழுத்து எடுத்துவிட்டு, காடிக்குள் சவர்க்காரத் தண்ணீர் தடவி, ஒருவர் தள்ள ஒருவர் இழுக்கப் புதுசு போய்விடும். றப்பரின் மேல் விளிம்பு எந்த வடிவம், காடியின் அகலம் எவ்வளவு என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், நான் அளக்காமல் போய் இரண்டு தரம் அலைந்தேன். இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் கூட விட்டு வெட்டுவது நல்லது, காலப்போக்கில் சுருங்கும்.

இதற்குப் போட்டியாகத் தரையில் ஒட்டுகிற வாசல் பட்டை ஒன்று உண்டு, கதவு வந்து அதன்மேல் உட்காரும். தரை கோணலாக இருக்கிறவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் எனக்கு இரண்டு காரணத்தால் பிடிக்கவில்லை. கராஜ் தரையைக் கதவுப் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள், காரில் ஒட்டி வருகிற ஸ்னோ உருகி வெளியே ஓடட்டும் என்று. பட்டை அந்தத் தண்ணீரை உப்போடு சேர்த்து உள்ளேயே மறித்துவிடும். அடுத்தது, ஸ்னோ தள்ளுகிற சவள் ஒவ்வொரு தரமும் அதில் போய் முட்டும். ஒட்டுவதென்றால் ஒக்டோபருக்குள் ஒட்டுங்கள், குளிர்ந்த சீமெந்தில் பசை பிடிக்காது.

இனி மச்சானின் அட்டை. இங்கே மூன்று போட்டியாளர்கள். ஆர் என்பது சூட்டை மறிக்கிற வலுவின் அளவு, எண் கூடினால் நல்லது. வெள்ளி நிறக் குமிழித் தாள் மலிவு, பார்க்கப் பளபளப்பு, ஆனால் தகரத்தோடு சேர்த்து ஒட்டினால் ஆர்-1 அளவுதான் கிடைக்கும், அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்கிற சாமான். ரெஜிபோம், அதாவது தமிழ்நாட்டார் தெர்மாகோல் என்று சொல்வது, அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-4. பொலிஐசோ என்கிற இன்னொரு நுரை அட்டை அங்குலத்துக்கு ஆர்-6 வரை, குளிர் கூடக்கூட அந்த வலு கொஞ்சம் இறங்கும். நான் போட்டது ஒன்றரை அங்குல ரெஜிபோம். 16க்கு 7 அடி இரட்டைக் கதவுக்கு அது ஆறேழு கிலோ, அதே தடிப்பில் பொலிஐசோ என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. எதைப் போட்டாலும் நுரையை வெறுமையாக விடாதீர்கள், தீப்பிடித்தால் நச்சுப் புகை, மேல் தாளோடு வருகிற, தீப்பாதுகாப்புத் தரம் எழுதிய தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் ஆட்கள் பலர் மீன் பொரிக்கிற அடுப்பையும் கராஜில்தானே வைத்திருக்கிறோம்.

பாரத்தை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை, மேலே இருக்கிற ஸ்பிரிங். அட்டை ஒட்டிய பிறகு கதவை மூடி, மோட்டார்ப் பக்கம் தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, கையால் இடுப்பளவுக்குத் தூக்கிப் பாருங்கள். விட்ட இடத்தில் நின்றால் சரி, கீழே விழப் பார்த்தால் ஸ்பிரிங்கைச் சரிப்படுத்த வேண்டும், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். யூடியூப் பார்த்து முறுக்குக் கம்பியில் கை வைக்கிற வேலை வேண்டாம், அது கையை முறித்துவிடும். சாதாரண ஸ்பிரிங் 10,000 தரம் திறந்து மூடத்தான் கணக்கு, நாளுக்கு நான்கு தரமென்றால் ஏழு வருடத்துக்குக் கிட்ட. உங்கள் வீடு கட்டி எத்தனை வருடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

புதுக் கதவு? அண்ணை சொன்னது ஆர்-16, உள்ளே பொலியூரித்தேன் நுரை நிரப்பியது. நல்ல கதவுதான், சத்தமில்லாமல் போகும், வெளியால் முட்டினாலும் இலேசில் நெளியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆர்-1 தகரத்தால் 100 பங்கு சூடு வெளியே போகிறதென்றால், ஆர்-6 ஆக்கினால் 17 பங்கு போகும், ஆர்-16 ஆக்கினால் ஆறு பங்கு. முதல் 83 பங்கைச் சில நூறு டொலரில் மிச்சம் பிடித்துவிடலாம், அடுத்த 11 பங்குக்குத்தான் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். அந்த ஆர்-16 கூட பலகையின் நடுவில் உள்ள கணக்கு, மூட்டுகளும் ஓரங்களும் அதில் சேராது. பழைய கதவு நெளிந்து, துருப்பிடித்து, எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். கராஜுக்கு மேலே இருக்கிற பிள்ளையின் அறை குளிர்கிறது என்பதற்காக மட்டும் போடாதீர்கள், அந்தக் குளிர் பெரும்பாலும் கராஜ் கூரையால் ஏறுவது, காசை அங்கே செலவழிக்க வேண்டும்.

எண்ணெய் விசயத்தில் சுருக்கமாக. டபிள்யூடி-40 துருவைக் கழற்றும், அழுக்கைக் கழுவும், நின்று மசகு தராது. பிணைச்சலுக்கும் ஸ்பிரிங்குக்கும் வெள்ளை லித்தியம் கிறீஸ், றப்பருக்கு சிலிக்கோன் ஸ்பிரே. மாற்றி அடிக்காதீர்கள், பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஈபிடிஎம் ஊதிப் பழுதாகும். தண்டவாளத்துக்கு ஒன்றும் வேண்டாம், துணியால் துடைத்தால் காணும். நவம்பரில் ஒரு தரம் அடி றப்பரில் சிலிக்கோன் அடித்துவிட்டால் ஐஸ் அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. அப்படியும் பிடித்துவிட்டால் பொத்தானைத் தொடாதீர்கள், சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு பிளாஸ்டிக் சுரண்டியால் கீழே மெதுவாக விடுவியுங்கள், தலைமயிர் காயவைக்கிற டிரையரும் உதவும். சுடுதண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு, அது பத்து நிமிடத்தில் இன்னொரு ஐஸ் தட்டு.

ஈபிடிஎம் றப்பர், கதவின் பக்கங்களில் காற்றை அடைக்கிற ஓரப் பட்டை, ரெஜிபோம் அட்டை, மூன்றும் என் கதவில் ஏறிவிட்டன, கதவு ஒட்டுவதும் நின்றுவிட்டது. ஆனாலும் கராஜ் மூலையில் வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒரு கடும் குளிர் கிழமையில் உறைந்துதான் போனது. ஆகவே கறிவேப்பிலைச் செடி ஏப்ரல் வரைக்கும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, மனைவியின் முறைப்பையும் தாங்கிக்கொண்டு.