மூன்று கார்ட்டூன்கள்: சிரிப்பு யார் மேல் விழுகிறது?

கார்ட்டூன் என்றாலே பிள்ளைகளுக்குத்தான் என்ற நினைப்பு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் 'தி சிம்ப்சன்ஸ்', 'ஃபேமிலி கை', 'சவுத் பார்க்' மூன்றும் பெரியவர்களையும் சிரிக்க வைக்க எடுத்தவை. என் பத்து வயது மகன் இந்தப் பெயர்களை வகுப்பில் கேட்டுவிட்டு வந்து, "நான் பார்க்கலாமா?" என்று கேட்டான். அதனால் மூன்றிலும் நிறைய அத்தியாயங்களை உட்கார்ந்து பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வயது முத்திரை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது 1997-இல் வந்தது. சிம்ப்சன்ஸுக்குப் பெரும்பாலும் 'டிவி-பிஜி', அதாவது பெற்றோர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ஃபேமிலி கைக்குப் பெரும்பாலும் 'டிவி-14', 14 வயது ஆகாதவர்களுக்கு ஏற்றதாக இல்லாமல் போகலாம். சவுத் பார்க்குக்கு 'டிவி-எம்ஏ', 17 வயது ஆகாதவர்களுக்கு ஏற்றதல்ல. இந்த முத்திரையைக் குத்துவது அரசு அல்ல, சேனல்களே. இன்னொன்றும் இருக்கிறது. முதல் இரண்டும் ஃபாக்ஸில் வருபவை. அது ஆன்டெனாவிலேயே கிடைக்கும் சேனல் என்பதால் காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசம் கூடாது என்ற சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. சவுத் பார்க் வரும் காமெடி சென்ட்ரல் கேபிள் சேனல், அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. ஃபேமிலி கையில் கெட்ட வார்த்தை குறைவாகக் கேட்கிறது என்றால் அதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் மேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வார்த்தைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் வேலை சுலபம். 2001-இல் வந்த ஒரு சவுத் பார்க் அத்தியாயத்தில் ஒரே கெட்ட வார்த்தை 162 முறை வருகிறது, திரையின் மூலையில் எண்ணிக்கையே ஓடுகிறது. ஆனால் கெட்ட வார்த்தையைப் பிள்ளைகள் பள்ளி வேனிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை வேறு. சிரிப்பு யார் மேல் விழுகிறது, அது பிள்ளைக்குப் புரிகிறதா?

சிம்ப்சன்ஸ் 1989-இல் தொடங்கியபோது அந்தக் குடும்பத்தின் குறும்புக்காரப் பையன் பார்ட்தான் பெரிய பிரச்சினை. மக்காக இருப்பதைப் பெருமையாகச் சொல்லும் அவன் டி-ஷர்ட்டைச் சில பள்ளிகள் தடை செய்தன. 1992-இல் அதிபர் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்ஸைப் போல இருக்கக் கூடாது என்று மேடையிலேயே பேசினார். அப்பா ஹோமர் மகன் பார்ட்டின் கழுத்தை நெரிப்பது அதில் அடிக்கடி வரும் நகைச்சுவை. எனக்கு அது பிடிக்கவில்லை. அடி வாங்குவதைச் சிரிப்பாகக் காட்டக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனாலும் அந்த வீட்டில் பாசம் இருக்கிறது. 1991-இல் வந்த ஓர் அத்தியாயத்தில், தனக்குப் பிடித்த தற்காலிக ஆசிரியர் ஊரைவிட்டுப் போகும் வேதனையில் லீசா தன் அப்பாவைக் குரங்கு என்று திட்டிவிடுகிறாள். விவரமில்லாத அந்த மனிதர் அவள் அறைக்குப் போய், அதே குரங்கு மாதிரி நடித்து அவளைச் சிரிக்க வைக்கிறார். என் மகன் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஃபேமிலி கையிலும் ஒரு மகள் உண்டு, பெயர் மெக். பதின்ம வயதுப் பெண். அவள் தோற்றத்தையும் பேச்சையும் வீடே சேர்ந்து கேவலப்படுத்துவதுதான் ஆண்டுக்கணக்கில் ஓடும் நகைச்சுவை. அவளுக்காகப் பேசும் அத்தியாயம் எப்போதாவது வருகிறது, அடுத்த வாரம் பழையபடி ஆகிவிடுகிறது. பெண்களைத் துரத்தும் குவாக்மயர், சிறுவன்மேல் ஆசைப்படும் கிழவர் ஹெர்பர்ட், இவர்களும் சிரிப்புக்குத்தான். கதையை நிறுத்திவிட்டுச் சம்பந்தமில்லாத துணுக்கு ஒன்றைச் செருகுவது இதன் பாணி. அதனால் ஒரு கொடுமைக்குப் பின்விளைவு என்று எதையும் பிள்ளை பார்ப்பதில்லை. அக்காவை மட்டம் தட்டினால் கைதட்டல் கிடைக்கும் என்பது மட்டும் மனதில் நிற்கும். மூன்றில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

சவுத் பார்க் மிகக் கொச்சையானது. அதே சமயம், மூன்றில் அதிகம் யோசிக்க வைப்பதும் அதுதான். 2007-இல் ஓர் அத்தியாயம். ஸ்டான் என்ற வெள்ளைக்காரச் சிறுவனின் அப்பா, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லை நேரலை நிகழ்ச்சியில் சொல்லிவிடுகிறார். தன் கறுப்பின நண்பனிடம் "எனக்குப் புரிகிறது" என்று ஸ்டான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறான். நண்பன் சமாதானம் ஆகவில்லை. கடைசியில், "இது எனக்கு ஒருபோதும் முழுசாகப் புரியாது, அதுதான் புரிகிறது" என்ற இடத்துக்கு வந்தபின்தான் நண்பன் இறங்கி வருகிறான். பதினாறு வயதுப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் பேச இது போதும். பத்து வயதுப் பிள்ளைக்கோ அந்த ஒரு சொல் மட்டும்தான் மிஞ்சும். அதே தொடரில் எல்லாரையும் வெறுத்துப் பேசும் சிறுவன் கார்ட்மனும் அப்படித்தான். அவனுடைய வெறுப்பைக் காட்டி அவனையே நகையாடுகிறார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரிகிறது. சின்னப் பிள்ளைக்கு அவன்தான் ஹீரோ.

நம் ஊரில் இவற்றை ஓடிடியில்தான் பார்க்கிறார்கள். 2021 விதிகளின்படி அங்கே யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது போட்டாக வேண்டும், 13+ முதல் பூட்டும் வசதியும் தர வேண்டும். அந்தப் பூட்டு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. சுயவிவரத்துக்கு ரகசிய நம்பர் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது, இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு ஏற்பாடு இதுதான்: சிம்ப்சன்ஸ் மட்டும், அதுவும் நானோ அவன் அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது. கழுத்தை நெரிக்கும் காட்சி வந்தால் நிறுத்திப் பேசுகிறோம். ஃபேமிலி கை பூட்டித்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமலே வளர்ந்தாலும் அவனுக்கு ஒரு குறையும் வராது. சவுத் பார்க்கை அவனுக்குப் பதினாறு ஆனதும் நானே போட்டுக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன், அந்த 2007 அத்தியாயத்திலிருந்து. இன்னும் ஆறு வருஷமா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.