கோகுலாஷ்டமிச் சீடையும் கொலாஜன் ஷீட்டும்

தீக்காயத்துக்குப் போடும் கொலாஜன் ஷீட்டுக்கு (கொலாஜன் என்ற புரதத்தில் செய்த மெல்லிய படலம்) என் கணக்கில் 5-க்கு 4. எந்த பிராண்ட் என்று சொல்லப்போவதில்லை. எனக்குப் போட்டது ஒன்றுதான், அதை வைத்து மற்றவற்றைத் தூக்கவோ தாழ்த்தவோ முடியாது. பொருள் எப்படி வேலை செய்கிறது, யாருக்கு உதவும், கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் முறுக்கு, தட்டை, சீடை போட்டு விற்கும் சிறு தொழில் என்னுடையது. கோகுலாஷ்டமி ஆர்டர் நெருக்கத்தில் ஒரு ஈடு சீடை வெடித்தது. மாவை எத்தனை சலித்தாலும் உருண்டைக்குள் ஈரம் அடைபட்டால் வெடிக்கத்தான் செய்யும். எண்ணெய் தெறித்து இடது முன்கையில் வழிந்தது. குழாயைத் திறந்து கையை நீட்டியவள் 20 நிமிடம் எடுக்கவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு மாமி பற்பசையோடும், மாடி வீட்டு அம்மா ஒரு கரண்டி தோசை மாவோடும் வந்துவிட்டார்கள். ரெண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படி எதையாவது அப்பிக்கொண்டு போனால் டாக்டர் முதலில் அதைச் சுரண்டிக் கழுவ வேண்டும். ஷீட் பிடிக்க வேண்டுமென்றால் அடியில் காயம் சுத்தமாக இருக்க வேண்டும்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு ஆழமில்லை என்றார். இளஞ்சிவப்பாக ஈரத்தோடு இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது, அதனால் உள்தோல் பிழைத்திருக்கிறது என்பது அவர் கணக்கு. ரொம்ப ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு முனையும் போய்விடுவதால் அங்கே வலியே தெரியாதாம். அப்புறம் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வெள்ளி சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பு. விலை குறைவு, ஆனால் தினமும் கட்டைப் பிரித்துத் துடைத்து மறுபடி தடவ வேண்டும். எங்கள் சரக்கு மாஸ்டர் ஒருமுறை அந்தக் களிம்போடு பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். துணியைப் பிரிக்கும் நேரம் வந்தாலே அவர் முகம் மாறிவிடும். இன்னொன்று கொலாஜன் ஷீட். ஒரு தடவை ஒட்டினால், சீழ் வைக்காத வரை, பிரிக்கவே வேண்டாம். ஒரு பெரிய முறுக்கு ஆர்டரில் நிற்கும் லாபம் முழுக்க அதற்குப் போனது. யோசிக்காமல் சரி என்றேன்.

எனக்கு வந்தது ஈர ஷீட். உறைக்குள் ஒரு திரவத்தில் ஊறிக்கிடந்தது, பிரித்ததும் ஸ்பிரிட் வாசனை. அந்தத் திரவம் போகும்வரை சலைனில் (சுத்தமான உப்புநீர்) நன்றாக அலச வேண்டும், அப்படியே வைத்தால் எரியும். நர்ஸ் பொறுமையாக அலசி, காயத்தின் மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழ் இல்லாமல் நீவிவிட்டார். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் எரிச்சல் பாதியாக அடங்கியது. மருந்து எதுவும் உள்ளே போனதால் இல்லை. திறந்துகிடந்த நரம்பு முனைகளில் காற்றுப் படாமல் மூடிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த சில நாட்களில் அது காய்ந்து, பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்துக் கையோடு கையாகிவிட்டது. தண்ணீர் படக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது. முதல் இரண்டு நாள் அடியில் நீர் கோக்கிறதா என்று பார்த்தார்கள். கோத்தால் சின்னத் துளை போட்டு வடிய விட வேண்டும், நாற்றமோ சீழோ வந்தால் ஷீட்டை எடுத்தே ஆக வேண்டும். எனக்கு வரவில்லை. உள்ளே புதுத் தோல் மூடிய இடத்தில் ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டது. தூக்கியதைக் கத்தரியால் வெட்டலாம், இழுக்கக்கூடாது. அரிப்பு வேறு, சொல்லி மாளாது!

இனி அந்த ஒரு மதிப்பெண் போன கதை. எங்கள் வாசலில் 'சுத்த சைவம்' என்று பலகை இருக்கிறது. கொலாஜன் மிருகத்திலிருந்து வருவது என்று டாக்டர் சொன்னார். எந்த மிருகம் என்று மருந்துக்கடையில் யாருக்கும் தெரியவில்லை. உறையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் பொடி எழுத்தில் மாடு. மீனிலிருந்து எடுப்பதும் உண்டு, பன்றியிலிருந்து எடுப்பதும் உண்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை. வாயில் போடுவது வேறு, காயத்தில் போடுவது வேறு. மாமியார் முணுமுணுத்தபோது, மார்கழிக் கச்சேரியில் மிருதங்கம் எந்தத் தோலில் வாசிக்கிறார்கள் என்று கேட்டேன், பேச்சு நின்றது. ஆனால் இந்த முடிவு ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும். இஸ்லாமியர் ஒருவருக்குப் பன்றி என்றால் பிரச்சினை, வேறொருவருக்கு மாடு. ஒட்டுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டிய விஷயத்தைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு ஒதுங்குவது நியாயமில்லை.

உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் என் சித்தி பையன்தான் மீதியை விளக்கினான். "அக்கா, நீங்க ஜெல்லி கேட்டா கடல்பாசியிலதானே செஞ்சு தர்றீங்க? நீங்க ஒதுக்குற ஜெலட்டின் வேற ஒண்ணுமில்ல, கொலாஜனை வேகவெச்சா வர்றதுதான்" என்றான். நம் உடம்பில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தானாம். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றுக்கும் பலம் அதுதான். ஷீட் நம் தோலாக மாறுவதில்லை. காயத்துக்கு வந்துசேரும் செல்கள் பற்றிக்கொண்டு பரவ இடம் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் கொஞ்சம் கரைகிறது, மிச்சம் உரிகிறது.

இந்தக் கொலாஜனுக்கு மூன்று இழை முறுக்கிய வடிவம் என்று 1954-ல் சொன்னது நம்ம ஊரில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்தா என்ற இரண்டு விஞ்ஞானிகள் கங்காரு வால் தசைநாரில் எக்ஸ்-ரே பாய்ச்சிப் பார்த்துச் சொன்னார்கள். சர்தார் படேல் சாலையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் செருப்புத் தோலுக்கான இடம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பதப்படுத்திய தோலும் கொலாஜன்தானே, அதனால் காயத்துக்கான கொலாஜன் ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. பஸ்ஸில் தாண்டிப் போகும்போது இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

ஆழமான தீக்காயத்துக்கு இந்த ஷீட் போதாது. வெள்ளையாக, தோல்வார் போல விறைத்து, வலியே இல்லாமல் இருந்தால் செத்த தோலை நீக்கி, உடம்பின் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டும் அளவுக்குப் போகலாம். அதற்கெல்லாம் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை மாதிரி தீக்காயப் பிரிவு இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். சீழ் வைத்த காயத்தின் மேல் ஒட்டுவதும் ஆபத்து. வீட்டில் நாமே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்திரியும் இல்லை இது.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில: காயத்தின் நீள அகலத்தை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், சின்ன அளவு இல்லை என்று பெரியதைத் தலையில் கட்டுவார்கள். பிரித்ததில் மிச்சத்தை எடுத்துவைத்துப் பிறகு பயன்படுத்த முடியாது. காலாவதித் தேதி பாருங்கள், எந்த மிருகம் என்று கேளுங்கள். அலச வேண்டிய சலைன் பாட்டில் உறையோடு வராது, அதற்குத் தனி பில்.