ஸ்பீடு டெஸ்டில் 100 காட்டுகிறது என்று ஆறு மாசப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்

கரூரில் வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும். ‘100 எம்பி, அன்லிமிடெட்’ என்று சொல்லி உள்ளூர் நிறுவனம் ஒன்று எனக்குக் கொடுத்த இணைப்பில் யூடியூப் மட்டும்தான் ஒழுங்காக ஓடியது. விண்டோஸ் அப்டேட் விடிய விடிய இழுத்தது. கேட்டால் லேப்டாப்தான் பழுது என்றார்கள். அதைச் சொல்லியே ஒரு ரவுட்டரை என் தலையில் கட்டி, லேப்டாப்பை ஃபார்மட்டும் செய்து, இரண்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை.

நான் வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்கும் தறி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் அதற்கு மேல் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று இருந்தது. ஆனால் அடுத்தவர்களின் பான் நம்பரும் பேங்க் விவரமும் கிடக்கிற லேப்டாப்பில் அப்படி நாள் கடத்த எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். முழு ஃபைல் 5 ஜிபிக்கு மேல் வரும்.

அந்தச் சமயத்தில்தான் கலெக்‌ஷனுக்கு வரும் கேபிள்கார அண்ணன் இந்த இணைப்பைப் பற்றிச் சொன்னார். ஆறு மாசத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாசம் இலவசம், பாக்ஸுக்குக் காசு இல்லை என்றார். ஜிஎஸ்டியோடு சேர்த்து ஏறக்குறைய ரூ.5,000 கட்டினேன். கம்பத்திலிருந்து ஃபைபர் இழுத்து, சுவரில் பாக்ஸ் மாட்டி, மாட்ட வந்த பையன் தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டினான். முள் சரசரவென்று ஏறி 104-ல் நின்றது. ‘அக்கா, சொன்னதுக்கு மேலேயே வருது பாருங்க’ என்றான்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால்தான் மற்றது புரியும். பிளானில் சொல்கிற 100 என்பது நொடிக்கு 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால் டவுன்லோட் ஆகும்போது பிரவுசரில் நொடிக்கு 12.5 மெகாபைட் காட்டினால் அதுதான் முழு வேகம். 12 தானே வருகிறது என்று பயப்பட வேண்டாம், அது சரியான வேகமே. அந்தக் கணக்குப்படி 5 ஜிபி ஃபைல் ஒன்று ஏழெட்டு நிமிஷத்தில் இறங்கிவிட வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆனாலும் கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

எனக்கு வந்தது, பகலில் நொடிக்கு 1 மெகாபைட் அளவு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் 200 கிலோபைட்டுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 5 ஜிபி இறங்க ஏழு மணி நேரம் ஆகும். அப்டேட் பக்கத்தில் சதவீதம் ஒரே எண்ணில் உட்கார்ந்திருக்கும், அப்புறம் ஒன்று கூடும், மறுபடி உட்கார்ந்துகொள்ளும். பாதியில் எர்ரர் காட்டி ‘மீண்டும் முயற்சி’ என்று வந்து நிற்கும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் என் மகள் யூடியூபில் பெரிய தரத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள், ஒரு இடத்தில்கூடச் சுற்றாது.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். ‘மேடம், ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிப் பாருங்க’ என்றார்கள். ஓட்டினேன், 98 வந்தது. ‘அப்ப எங்க சைடுல கிளியர் மேடம், உங்க சிஸ்டம்தான் பிரச்சினை’ என்று புகாரை மூடிவிட்டார்கள். மறுபடி போன் செய்ததும் ஆள் அனுப்பினார்கள். வந்தவர், பாக்ஸில் இருக்கிற வைஃபை போதாது, இரண்டு அலைவரிசையில் ஓடுகிற டூயல் பேண்ட் ரவுட்டர் போட வேண்டும் என்றார். ரூ.2,200. போட்டும் அப்டேட் நகரவில்லை. அடுத்து வந்தவர், லேப்டாப்பில் வைரஸ் இருக்கும், ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்றார். ரூ.800.

அந்த ஃபார்மட்டில் எனக்கு நேர்ந்த நஷ்டம் 800 ரூபாயோடு முடியவில்லை. கணக்கு எழுதும் டாலி மென்பொருளின் டேட்டாவைத் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்திருந்ததால் அது தப்பித்தது. ஆனால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர், அந்தக் கையெழுத்தைப் போட உதவும் எம்சைனர் மென்பொருள், பிரிண்டர், தமிழ் ஃபாண்ட் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த மனிதர் போட்டுவிட்டுப் போனது பென்டிரைவில் வைத்திருந்த பழைய விண்டோஸ் 10. அதற்கு ஏற்கெனவே வந்த அப்டேட் எல்லாம் திரும்ப இறங்க வேண்டும், அதுவும் இதே இணைப்பில். 3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதி நெருங்கும்போது இந்த வேலை. ஒரு கடைக்காரருக்குத் தாமதக் கட்டணம் விழுந்துவிட்டது, அதை என் கையிலிருந்து கொடுத்தேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இணைப்பு மெதுவாக இருப்பது வேறு. நல்ல லேப்டாப்பைப் பழுது என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போவது வேறு.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். அவன் வந்தபோது உட்கார்ந்து சோதித்தோம். முதலில் வைஃபையை விட்டுவிட்டு, லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினான். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் 11 முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கினான். நொடிக்கு 1 மெகாபைட்தான் வந்தது. கேபிளை உருவிவிட்டு, தன் போனின் ஹாட்ஸ்பாட்டில் அதே லேப்டாப், அதே ஃபைல். நொடிக்கு 9, 10 மெகாபைட் என்று பறந்தது. லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை என்பது அங்கேயே முடிந்துபோனது.

அப்புறம் ஸ்பீடு டெஸ்ட் ஆப்பைத் திறந்தான். அது தானாகவே பக்கத்தில் இருக்கிற சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். பல இடங்களில் அந்த சர்வரை வைத்திருப்பதே இன்டர்நெட் நிறுவனங்கள்தான். எங்களுக்கு வந்ததும் இவர்களுடைய சர்வர்தான், அதன் கீழே பெயரே போட்டிருந்தது. அதாவது என் வீட்டிலிருந்து அவர்கள் ஆபீஸ் வரை உள்ள வேகத்தைத்தான் இத்தனை நாள் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சர்வரை மாற்றி சிங்கப்பூர் வைத்து ஓட்டினோம். 9 மெகாபிட்டில் நின்றது. மும்பையில் இருக்கிற வேறு நிறுவனத்தின் சர்வரை வைத்தோம். அதுவும் ஒன்பதுதான்.

யூடியூப் எப்படி ஓடுகிறது என்றால், கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் வீடியோக்களின் பிரதியை வைக்கும் கேஷ் சர்வர்களை இன்டர்நெட் நிறுவனங்களின் இடத்திலேயே வைப்பார்கள். அந்த வீடியோ வெளியிலிருந்து ஒவ்வொரு தடவையும் வர வேண்டியதில்லை. இதில் தப்பே இல்லை, நல்ல ஏற்பாடு. மைக்ரோசாஃப்டும் அப்டேட்டுக்காக இப்படி ஒரு கேஷ் வசதியை இன்டர்நெட் நிறுவனங்களுக்குத் தருகிறது. அது இல்லாத இடத்தில் அப்டேட் ஃபைல், நிறுவனம் வெளியே காசு கொடுத்து வாங்குகிற பேண்ட்வித் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அங்கேதான் சிக்கனம் பிடிக்கிறார்கள். வீட்டுக்கு வரும் ஃபைபரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க கேபிள்காரர்கள் போடும் ஈபான் முறையில் ஒரு போர்ட்டுக்கு நொடிக்கு ஒரு ஜிகாபிட் அளவுக்கு ஓடும், கம்பத்து ஸ்பிளிட்டரில் பிரித்து 32 வீடு, 64 வீடு என்று கொடுத்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை. கோளாறு அதற்கும் அந்தப் பக்கம்.

அடுத்து ரிப்பேருக்கு வந்த சின்னப் பையனிடம் இதையெல்லாம் காட்டிக் கேட்டேன். அவன்தான் உண்மையைச் சொன்னான். ‘அக்கா, ஒவ்வொரு பிளானுக்கும் ரெண்டு ஸ்பீடு போட்டிருக்கும். கேஷ்ல இருந்து வர்றதுக்கு நூறு, வெளியே இருந்து வர்றதுக்குப் பத்து. நைட்டு ஆளு ஜாஸ்தியானா அதுவும் வராது. எங்களை ஒண்ணும் சொல்லாதீங்க, எங்களைப் பேசச் சொன்னதைத்தான் பேசறோம்.’ அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோட்டீஸிலும் பில்லிலும் இந்தப் பத்து எங்கேயும் கிடையாது. எங்கள் மேல்வீட்டுத் தம்பியின் ஐபோன் அப்டேட்டும் இதே இணைப்பில்தான் முடங்கிக் கிடந்தது. அவரிடமும் ‘போனை மாத்துங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். அப்டேட் மெதுவாக இருந்தாலே நிறுவனம் ஏமாற்றுகிறது என்று ஆகாது. ஃபைல் இறங்கி முடிந்த பிறகு அதைப் பிரித்து நிறுவுகிற வேலை லேப்டாப்பினுடையது. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அதற்கே மணிக்கணக்காகும், அதற்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமில்லை. சுவர் தாண்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தாலும் வேகம் பாதிக்கும் கீழே போகும். விண்டோஸ் அப்டேட் அமைப்பில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. அதில் யாராவது டவுன்லோட் வேகத்துக்கு வரம்பு போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கேயே ஆக்டிவிட்டி மானிட்டரில் எந்த வேகத்தில் இறங்கியது என்றும் தெரியும். இதையெல்லாம் பார்த்த பிறகும் கேபிளில் ஒரு வேகம், ஹாட்ஸ்பாட்டில் பத்து மடங்கு வேகம் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. அதற்கு முன்னால் யார் வந்து சொன்னாலும் ரவுட்டருக்கோ ஃபார்மட்டுக்கோ ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். பகலில் ஒன்று, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்று. எனக்கு ராத்திரி வந்த 200 கிலோபைட் என்பது 1.6 மெகாபிட். இந்தியாவில் 2023 ஜனவரியில் வந்த அறிவிப்புப்படி குறைந்தது 2 மெகாபிட் வேகம் இருந்தால்தான் அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர். புகார் மனுவில் நான் முதலில் எழுதியது இதைத்தான். ‘100 வரை’ என்று சொல்லித் தப்பிப்பவர்களுக்கு இந்த வரிக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

புகாரை வாட்ஸ்அப்பில் சொல்லி விட்டுவிடாதீர்கள். கஸ்டமர் கேரில் புகார் எண் கேட்டு வாங்குங்கள். அதில் தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். டெலிபோன், இன்டர்நெட் விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாவட்ட ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.

1915-இல் பதிவு செய்த பிறகுதான் நிறுவனத்திலிருந்து மரியாதையாகப் பேசினார்கள். மீதி மாசப் பணத்தைத் தருகிறோம், ரவுட்டருக்கும் ஃபார்மட்டுக்கும் தர முடியாது, அது ‘டெக்னீஷியனோட தனி வேலை’ என்றார்கள். அவர்களுடைய டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, அவர்கள் அனுப்பி வந்த ஆள் செய்தது எப்படித் தனி வேலை ஆகும்? நான் ஒத்துக்கொள்ளவில்லை. மொத்தப் பணமும் தாமதக் கட்டணமும் கேட்டு மாவட்ட ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். இப்போது மாசாமாசம் கட்டுகிற வேறொரு இணைப்புக்கு மாறிவிட்டேன். எடுக்கும் முன் அந்தப் புது நிறுவனத்தின் இணைப்பு இருக்கிற எதிர்வீட்டில், ராத்திரி ஒன்பது மணிக்கு, கேபிள் செருகி அதே ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். விண்டோஸ் 11 அன்றைக்கே இறங்கிவிட்டது.

உங்களிடம் அந்த ‘ஆறு மாசம் கட்டினால் ஒரு மாசம் இலவசம்’ நோட்டீஸ் இருந்தால் தூக்கிப் போடாமல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவோடு இணைக்க வேண்டும், என்னிடம் இருந்தது கிழிந்துபோயிற்று.