தைலேரியா வந்தால்: ஹோல்ஸ்டீனா, சாகிவாலா?

உண்ணி கடித்து உள்ளே போகும் தைலேரியா அனுலேட்டா ஒட்டுண்ணி, மாட்டைக் காக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுவிலேயே குடியேறிவிடும். காவல்காரனையே கைக்குள் போட்டுக்கொள்ளும் திருட்டு! அந்த அணு புற்றணுவைப் போலப் பெருகும். ஒட்டுண்ணியும் கூடவே பெருகும். இதுவரை ஹோல்ஸ்டீன், சாகிவால் என்ற இரண்டு மாட்டினத்துக்கும் ஒரே கதை.

அப்புறம்தான் வித்தியாசம். ஹோல்ஸ்டீனில், தொற்றிய அணுக்கள் டிஜிஎஃப்-பீட்டா 2 என்ற புரதத்தை அதிகம் சுரப்பதால் திசுக்களை ஊடுருவிப் பரவும் வேகம் கூடுகிறது. கடுங்காய்ச்சல், சோகை, பல சமயம் சாவு. பஞ்சாபின் சாகிவாலில் அந்தச் சுரப்பு குறைவு. காய்ச்சல் வந்தாலும் பெரும்பாலும் தானாகத் தேறிவிடும்.

பாலில் சாகிவால் ஹோல்ஸ்டீனை எட்டாது, சரி. ஆனால் உண்ணி மண்டிய, இந்த நோய்க்கான புப்பார்வகோன் மருந்து ஊசி உடனே கிடைக்காத ஊரில் நான் சாகிவாலையே கட்டுவேன்.