வாசிப்பது ஓராண்டில் முழு வேதாகமமா (பைபிள்), ஒரே சுவிசேஷமா?

பாறசாலை, களியக்காவிளைப் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள்.

அளவு: முழு வேதம் 1189 அதிகாரம், நாளுக்கு 3 அல்லது 4.
இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களில் ஒன்றான மாற்கு 16 அதிகாரம். பாதி பாதியாக 32 நாள்.

தடுக்கும் இடம்: ஜனவரி 1-ல் ஆதியாகமம் தொடங்கினால் மாதக் கடைசியில் லேவியராகமம். பலிமுறைகள் விளங்காமல் நாலு நாள் விட்டால் 13 அதிகாரம் கடனாக நிற்கும். அதைத் தீர்க்க ஓடினால் கண்தான் வாசிக்கும், மனம் வாசிக்காது. விட்டதை விட்டுவிட்டு அன்றைய பகுதிக்கு வாருங்கள்.
மாற்கில் ‘தெரிந்ததுதானே’ என்ற அலட்சியம்தான் ஆபத்து. தினம் ஒரு வசனத்தைக் கையால் எழுதி, ‘இங்கே மனிதன் எதற்குப் பயப்படுகிறான்?’ என்று கேளுங்கள். 14-ஆம் அதிகாரத்தில், அனலருகே குளிர்காய்ந்தபடி, பயந்து இயேசுவை மறுதலிக்கும் சீஷன் பேதுருவிடம் நம் முகமே தெரியும்.

ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவருக்கு முழு வேதம். வாழ்க்கை எதற்கென்று தவிப்பவருக்கு மாற்கு.